பதினான்காம் எண் வீட்டுத் துளை

ரெக்ஸ்ஹாமுக்கு வெளியே,
போன வருஷம்வரை குதிரைகள் மேய்ந்த மேட்டில்
நாற்பத்தொரு வீடுகள்.
என்னுடையது பதினாறு.
சாவியோடு ஒரு கையேடும் தந்தார்கள்:
வீடு மெல்லக் காயட்டும்,
சிறு விரிசல்கள் இயல்பே.

கையேட்டில் எம்ரிஸ் இல்லை.
வியாழக்கிழமை மருத்துவமனையிலிருந்து
அண்ணன் வருகிறான்.
இடக்கால் இன்னும் அவன் பேச்சைக் கேட்பதில்லை.
தொண்ணூற்று மூன்று கிலோ.
கீழ்க் கழிப்பறையில் பிடித்து எழ
ஒரு கைப்பிடி வேண்டும்.

தட்டிப் பார்த்தேன்.
காலி பிஸ்கட் டப்பா பதில் சொன்னது.
சுண்டுவிரல் தடிமன் ஜிப்சம் அட்டை,
பின்னால் வெறும் இருட்டு.
சுவர் இருந்தால்தான் சித்திரம்.
இருப்பது சுவர்தானா என்பதே இங்கே கேள்வி.

முதுகோடு முதுகு ஒட்டிப் பிறந்தது
பதினான்காம் எண்.
ஸ்வாவெக் போன மாதம் அங்கே கண்ணாடி மாட்டினான்.
கையிலிருந்த கருவி பச்சை விளக்குக் காட்டியதாம்.
மின்கம்பியை மோப்பம் பிடிக்கும் அது;
பிளாஸ்டிக் குழாயை அதற்கு அறிமுகமே இல்லை.
துளையிலிருந்து முதலில் ஒரு பெருமூச்சு,
பிறகு தண்ணீர்.
வால்வு எங்கே என்று தேடப் பதினொரு நிமிடம்.
கூடத்துப் புதுத் தரைப்பலகைகள்
ஊறின அப்பளமாய்ப் புடைத்துக்கொண்டன.

அனுதாபம் சொல்ல எல்லோரும் போய் வந்தார்கள்.
நான் அளவுநாடாவோடு போனேன்.
அவன் வீடு என் வீட்டின் பிம்பம்,
அங்கே இடது என்றால் இங்கே வலது.
சட்டையைத் தூக்கி
ஆபரேஷன் தழும்பைக் காட்டுகிறவன்போல
பூசி மறைத்த இடத்தைத் தொட்டுக் காட்டினான்.
கதவு நிலையிலிருந்து
நாற்பத்தேழு சென்டிமீட்டர்.
எழுதிக்கொண்டேன்.
“யாருக்காவது உபயோகப்பட்டதே” என்று
தேநீர் வைத்தாள் போஜெனா,
அவனைப் பார்க்காமல்.

வரைபடம் ஒன்றுதான்.
குழாய் பதித்த கைகள் வேறாக இருக்கலாம்.
எனவே புதன் மாலை
தண்ணீரை அடைத்தேன், மின்சாரத்தை அணைத்தேன்.
நெற்றியில் விளக்கு, மூக்கில் முகமூடி,
பாட்டரி டிரில்.
சுவிட்சுக்கு நேர் மேலே, நேர் கீழே,
நேர் பக்கவாட்டில் தொடவில்லை:
கம்பிகள் அந்தத் தடத்தில்தான் நடக்கும்.

பிரிட்ஜ் கதவிலிருந்த செம்மறியாட்டுக் காந்தத்தை
சுவரில் மேயவிட்டேன்.
ஓரிடத்தில் நின்றது.
ஒரு சாண் மேலே மறுபடி நின்றது.
திருகாணித் தலைகள்,
அவற்றுக்குப் பின்னே மரச்சட்டம்.
அறுபது சென்டிமீட்டர் தள்ளி இன்னொன்று,
இரண்டும் குழாயை விட்டு விலகி.

ஆழம் தெரியாமல் காலை விடுவானேன்;
டிரில் முனையில் நீல டேப் சுற்றினேன்,
இதற்கு மேல் போகாதே என்று.

முதலில் வெள்ளைத் தூள்.
பிறகு கையில் ஒரு தடுப்பு.
பழுப்புச் சுருள்கள் உதிர்ந்தன,
முகமூடியையும் மீறிப் பைன் வாசனை.
அந்த இருட்டில் தனியாகச் சிரித்துவிட்டேன்.

சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு பலகை,
அதன்மேல் கைப்பிடி.
என் எடை அறுபத்தொன்றுதான்.
ஸ்வாவெக்கைக் கூப்பிட்டேன்.
இரண்டு பேரும் கழிப்பறைக்குள் நெருக்கியடித்து
ஒரே கைப்பிடியில் தொங்கினோம்,
நூற்று நாற்பது கிலோ, முழங்கால் மடக்கி,
இருபதுவரை எண்ணினோம்,
அவன் போலிஷில், நான் வெல்ஷில்.
சுவர் முனகவில்லை.

வால்வைத் திறந்துவிட்டு வந்தேன்.
அவன் சுவரில் காதை வைத்திருந்தான்.
“வா,” என்றான்.
நாடாவை நீட்டி அளந்து
நானும் காதை வைத்தேன்.
வலப்பக்கம், நாற்பத்தேழில்,
தண்ணீர் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.