மூன்று மிளகாய்

முன்பு மீன் வறுவல் கடையாக இருந்த இடம்.
பெயர்ப்பலகையைக் கழற்றிய பிறகும்
சுவரில் தங்கிவிட்ட எழுத்துத் தடங்களில்
மீன் என்பதை மட்டும் படிக்க முடிகிறது.
கானிகா அதை அழிக்கவில்லை.
எங்கள் சாறும் மீன்தானே என்றாள் ஒருமுறை,
பில்லை மடித்துக்கொண்டே.

கிளாஸ்கோவின் தென்கரை.
வெள்ளிக்கிழமை, ஏழு மணி.
மழை சாய்வாக, அலுக்காமல்.
உள்ளே பதினொரு மேசை. இந்த நேரத்தில்
தனி மேசை கேட்பது பாவம்.
ஆணியில் தொங்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டு
கண்ணாடியில் படிந்த ஆவியை
விரலால் விலக்கிப் பார்த்திருப்போம்
யார் தட்டு காலியாகிறதென்று.
பசித்தவன் பார்வைக்கு
மரியாதை ஏது.

நான் பேருந்து ஓட்டுகிறவன்.
சீருடையைக்கூட மாற்றாமல் வருவேன்.
நான்கு வருடமாக ஒரே தட்டு:
துளசி போட்டு வதக்கிய மாட்டிறைச்சி,
மேலே விளிம்பு முறுகிய முட்டை.
அட்டையில் மிளகாய்ப் படம் ஒன்று, இரண்டு, மூன்று.
மூன்று என்பேன்,
பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி.
வியர்க்காமல் முடித்து
வாயைத் துடைத்துக்கொண்டு எழுவேன்.
டெப்போவில் இதைச் சொல்லிச் சொல்லியே
எனக்கொரு பெயர் இருந்தது.

அன்றைக்கு எதிரே
மோராக்கை உட்கார வைத்தார்கள்.
கூரை வேலை செய்கிறவள். நகக்கண்ணில் தார்.
அறுபது இருக்கும்.
ஈரக் கோட்டை நாற்காலி முதுகில் போட்டாள்.
நாங்கள் பேசவில்லை.
மீன் சாற்றில் மிதக்கும் மிளகாய் வட்டங்கள்,
சர்க்கரை, பொடி, காடி:
நான்கு கிண்ணம்தான் நடுவே எல்லை.

உள்ளே உரலில் பப்பாளிக்காய் இடிபடும் சத்தம்.
அலமாரி உச்சியில் காவல் தெய்வத்துக்கு
சிவப்பு சோடா, உறிஞ்சுகுழலோடு.
குறைகிறதா என்று
ஒரு குழந்தை வாராவாரம் சரிபார்க்கிறது.
அன்று குறைந்திருந்தது.

கானிகாவின் மகன் தனாவுட்டுக்குப் பரீட்சைக் காலம்.
தட்டுகளை வைத்தான், போனான்.
இரண்டும் துளசி, இரண்டிலும் முட்டை.

முதல் கவளம் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவது
காதுக்குப் பின்னால் வந்து நின்றது.
மூன்றாவதில் நாக்கு என்னுடையதாக இல்லை.
தண்ணீர் குடித்தேன்.
அது நெருப்பை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மோராக் ஒரு கரண்டி தின்றுவிட்டு
கரண்டியைக் கீழே வைத்தாள்.
இதென்ன, ஆஸ்பத்திரிச் சாப்பாடா?

பிறகு என் தட்டைப் பார்த்தாள்.
கழுத்துப்பட்டை வரை சிவந்திருந்த
என்னைப் பார்த்தாள்.
நீங்க எத்தனை சொன்னீங்க?
மூன்று.
நானும் மூணுதான்.

அவள் சிரிக்கவில்லை. அதற்கு
இன்றைக்கும் நன்றி.
தட்டுகளை மாற்றிக்கொண்டோம்,
யார் கை வைத்த இடமென்று பார்க்காமல்.

சமையலறைத் திரையை விலக்கி
கானிகா பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான்கு வருடம்
ஆளைப் பார்த்து அளந்திருக்கிறாள்.
ஏமாற்று என்று சொல்ல வாய் வரவில்லை.
ஒவ்வொரு வெள்ளியும்
வழித்துத் தின்றுவிட்டுத்தானே எழுந்தேன்.

எனக்கு எட்டு மாசம் ஆச்சு, அவ நம்புறதுக்கு
என்றாள் மோராக்.
என்ன செய்தீர்கள்?
ஒண்ணுமில்லை. அழுதுகிட்டே தின்னேன்,
ஒளிக்காம.

அடுத்த வெள்ளி மழை இல்லை. வரிசை இருந்தது.
குறிப்பெடுக்கக் கானிகாவே வந்தாள்.
மூன்று என்றேன், மெதுவாக.
நிமிர்ந்து பார்த்தாள்,
சில்லறை குறைந்த பயணியை
நான் பார்ப்பேனே, அப்படி.
சீட்டில் ஏதோ எழுதினாள்.
அவள் தாய்மொழி. எனக்குச் சுழிகள்.

தட்டு வந்தது.
இரண்டு இருக்கலாம். இரண்டரை.
காதுகள் மட்டும் சூடேறின.
கைக்குட்டையை எடுத்து
மேசைமேலேயே வைத்துக்கொண்டேன்.