நாலெழுத்து

எங்கள் ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால்
பூசும் என்றாகிறது.
வரைபடத்தில் அது வடகடலோரத்து இறால் துறைமுகம்.
என் நாட்குறிப்பில் ஒரு வினைச்சொல்.
எதைப் பூசும்?
உப்பைச் சன்னல் கண்ணாடியில். சேற்றை எல்லார் காலணியிலும்.
நான், ஊர்ப்பெயருக்கு உண்மையாக,
நுரையீரல் கசிவை ரத்த அகார் தட்டில்.

பிப்ரவரி ஒன்பது. ஓதம் வடிந்த சேற்றில்
நாயோடு நடந்த டெட்லெஃப்சன் போன் செய்தார்:
ஒரு கடற்பன்றி. கண் இன்னும் இருக்கிறது,
கடற்காகங்கள் வருமுன் வாருங்கள்.
ஜெர்மனிலும் அதன் பெயரில் பன்றி உண்டு.
இரண்டு மொழிகள் ஒன்றையொன்று கேட்காமலே
ஒரே வசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மேசையில், ஒரு மீட்டர் ஐம்பத்தாறு. பெண்.
மூச்சுக்குழல் நிறையப் புழுக்கள், வெந்த சேமியாபோல
(மன்னிக்கவும், வேறு உவமை கிடைக்கவில்லை).
கருப்பைக்குள் ஒரு முழத்துக்குக் குட்டி,
வால் மடிந்து, தாய்க்கு முன்பே செத்தது.

நஞ்சுக்கொடியில் வீப்கேயின் கத்தி வழுக்கியது.
இரண்டு கையுறை. இரண்டும் கிழிந்தன.
கட்டைவிரலில் நெல்மணியளவு சிவப்பு.
யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் குழாயைத் திறந்தாள்.
தண்ணீர் பதினைந்து நிமிடம் ஓடியது;
சுவர்க் கடிகாரத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹைடெயிலிருந்து மருத்துவர் கேட்டார்:
எந்தக் கிருமி?
அதையேதான் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
மூன்றாம் நாளும் தட்டு துடைத்த தரைபோல் கிடந்தது.
மாத்திரை தொடங்கிவிட்டாள்,
சிறுநீரை ஆரஞ்சாக்கும் மாத்திரை.
ஹாலந்துக்காரியாகிவிட்டேன் என்றாள் காப்பி அறையில்.
சிரித்தோம். கொஞ்சம் அதிகமாகவே.

வளரத் தயங்குவதற்கு எத்தனை நாள் காத்திருப்பது?
செல்லை உடைத்து, கழுவி,
கண்ணுக்குத் தெரியாததை ஒரு துளியில் எடுத்தேன்.
பி.சி.ஆர். பொறி சுட்டது, ஆறியது, சுட்டது, ஆறியது,
முப்பத்தைந்து தடவை.
ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி,
கந்துவட்டிக்கு விட்ட பணமாய்.

நாலெழுத்து படித்தவள் என்பார்கள் ஊரில் என்னை.
உண்மைதான். ஏ, டி, ஜி, சி.
மாதச் சம்பளத்துக்கு இந்த நாலைத்தான் படிக்கிறேன்.
புள்ளியில்லை, கொம்பில்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை.
இதில் உயிரெழுத்து எது, மெய்யெழுத்து எது?
உயிரும் மெய்யும் இதற்குள்தான் எங்கேயோ.

முதல் மரபணு குடும்பப் பெயரைச் சொன்னது: புரூசெல்லா.
அதோடு வாயை மூடிக்கொண்டது.
ஆட்டில் இருப்பது, மாட்டில் இருப்பது, சீலில் இருப்பது,
அந்த இடத்தில் எல்லாம் ஒரே அச்சு.
கிளையைக் கேட்க அடுத்த கதவைத் தட்டினேன்,
வெளிச்சவ்வுப் புரதத்தின் மரபணு.
அங்கே சில எழுத்துகள் மாறியிருந்தன.
என் கண் எழுத்துப்பிழை என்றது.
கணினி முகவரி என்றது:
புரூசெல்லா சீட்டி. திமிங்கிலக் குலத்தில் குடியிருப்பது.

இரவு பதினொன்று நாற்பதுக்கு மருத்துவர் எடுத்தார்.
நன்றி, காய்ச்சல் பாருங்கள், ஆறு மாதம்.
காலைதோறும் வீப்கேயின் தெர்மாமீட்டர் படமாக வருகிறது.
36.6. 36.4.
37.2 வந்த அன்று இருவரும் மதியம் சாப்பிடவில்லை.

படிவத்தில் கிருமிக்கு இருசொல் பெயர், சாய்வெழுத்தில்.
தாய்க்கு ஓர் எண்.
குட்டிக்கும் அதே எண், வாலில் ஒரு சின்ன ஏ.

பதினோராம் நாள், கையெழுத்துக் காய்ந்த பிறகு,
எறியவிருந்த தட்டை வெளிச்சத்தில் சாய்த்தால்
ஊசிமுனை ஊசிமுனையாய்
மினுக்கும் தேன்துளிகள். வந்துவிட்டன.
பிள்ளை பிறக்குமுன் பேர் வைக்காதே என்பார்கள்.
வைத்தாகிவிட்டது.
மூடியைச் சுற்றி நாடா ஒட்டினேன், தேதி எழுதினேன்.
அவளுக்குக் காட்டலாமா வேண்டாமா என்று
இன்குபேட்டர் கதவைத் திறந்தபடி நிற்கிறேன்.
இன்று அவள் 36.5.