ஒரு புள்ளி

பத்து ஏக்கருக்குக் கீழே என்றால் ஒரு புள்ளி போதும்.
மேலே போனால் எல்லை முழுக்க நடக்க வேண்டும்.
கடையாலுமூட்டில் பத்து ஏக்கர்க்காரர்களை
ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.
ஆகையால் என் வேலை, புள்ளி வைப்பது.
புள்ளிக்கு நாற்பத்தைந்து ரூபாய்,
பெட்ரோல் என் கணக்கு.

கடல் தாண்டி ஒரு சட்டமாம்.
இந்த டயரின் பால் எந்த மண்ணில் வடிந்தது,
அங்கே முன்பு காடு இருந்ததா, எப்போது அழித்தீர்கள்
என்று கேட்கிறதாம்.
கார்க் கம்பெனி டயர்க் கம்பெனியைக் கேட்டது.
டயர்க் கம்பெனி கோட்டயத்து ஏஜென்ட்டை,
ஏஜென்ட் குலசேகரத்தில் சத்தியநேசனின் ஷீட் கடையை,
சத்தியநேசன் என்னை.
எனக்குக் கீழே ஆளில்லை,
மரங்களிடம் வந்திருக்கிறேன்.

மெக்கானிக்கல் படித்தவன். கியர்பாக்ஸைத்
தாளில் மட்டும் பிரித்துப் பூட்டியவன்.
ஒரகடத்துக் கேட் வரிசைகளில் மூன்று மாதம் நின்று
ரயிலேறித் திரும்பினேன்.
பையனுக்குக் கார்க் கம்பெனி வேலை என்று
அம்மா கல்யாண வீடுகளில் சொல்கிறாள்.
முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

டென்னிசனின் தோட்டம் ஒரு ஏக்கர். ஆள் தம்மாமில்.
வீடியோவில் வந்தார்: "முற்றத்துல நின்னு எடுங்க தம்பி,
அங்கதான் டவர் கிடைக்கும்."
முற்றத்தில் உறை போர்த்திய வெள்ளைக் கார்,
நாலு டயரும் காற்றிறங்கி.

பின்னால் மரச்சரிவு.
மூன்று மணிக்கு நெற்றி விளக்கோடு வெட்டத் தொடங்கிய புஷ்பலீலா
பால்வாளியும் கையுமாக ஏறி வருகிறாள்.
"என்ன மக்களே, மரத்துக்கும் ஆதாரா?"
ஆமாக்கா, ஏறக்குறைய.
"அப்ப எனக்கு?"
படிவத்தைப் புரட்டினேன்.
உரிமையாளர், சர்வே எண், நட்ட ஆண்டு, ரகம் நூற்றைந்து.
வெட்டுகிறவருக்குக் கட்டம் இல்லை.

நூற்று எண்பத்து மூன்று மரம் என்றேன்.
"நூத்தி நாப்பத்தொண்ணு.
பாக்கி ஓகி காத்துக்குப் போச்சு."
போன இடம் காட்டினாள்.
நாற்பத்திரண்டு மரங்களின் அளவுக்கு வானம்,
அடியில் அவளுடைய மரச்சீனித் தூக்கும் தண்ணீர்ப் பாட்டிலும்.
தோட்டத்திலேயே அங்கேதான் செயற்கைக்கோள் பிடிபட்டது.
வைத்தேன்.

நாலாம் நாள் சிவப்பாகத் திரும்பி வந்தது புள்ளி.
காரணம்: மரம் தெரியவில்லை.
மறுபடி எடுக்கக் கூலி கிடையாது.

இம்முறை மரத்தடியில் நின்றேன்.
இலைகளுக்குள் எண்கள் நிலைகொள்ளவில்லை.
ஒருமுறை பக்கத்துத் தோட்டத்தில் நின்றிருந்தேன்,
ஒருமுறை கோதையாற்றில்.
பொறுத்திருங்கள் என்று சுற்றிக்கொண்டிருந்தது வட்டம்.
புஷ்பலீலாவும் பொறுத்திருந்தாள்,
படத்தில் விழக் கூடாதென்று ஒதுங்கி.

பத்தரைக்கு மலைப்பக்கம் இருண்டது.
டென்னிசன் இந்த வருடம் மரத்துக்குப் பிளாஸ்டிக் வாங்கித் தரவில்லை.
மழை பட்டையில் வழிந்தால் பால் அத்தனையும் வெள்ளை வெள்ளம்,
அவளுக்குப் பாதி நாள் போயிற்று.
வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.
"மேல வரிசை நீ புடி லே!"
போனைப் பைக்குள் போட்டேன்.
சிரட்டை சிரட்டையாகக் கவிழ்த்தேன்,
ஒன்றில் பாதி என் காலில்,
ஒன்றில் எறும்பு, ஒன்றில் முதல் மழைத்துளி.
எத்தனை மரம் என்று எண்ணவில்லை.
நாலு ஆண்டுப் படிப்பில் கையில் ஒட்டாத ஒன்று
விரலிடுக்கில் ஒட்டி இறுகிக்கொண்டிருந்தது.

ஷீட் புரையில் ஒதுங்கிப் போனை எடுத்தபோது
புள்ளி தானாகவே விழுந்திருந்தது.
நான் ஓடிய வழியில் எங்கோ.
எந்த மரம், எந்தச் சிரட்டை,
அப்போது முன்னால் ஓடியது நானா அவளா,
தெரியாது.

சாயங்காலம் பச்சை வந்தது.
எட்டு, புள்ளி, அதன் பின் ஆறு இலக்கம்.
எழுபத்தேழு, புள்ளி, அதன் பின் ஆறு இலக்கம்.
துல்லியம், அரைச் சாண்.