தடித்த தோல்

கடையில் விதைக்கிழங்கு
நீல அட்டை கட்டிய சாக்கில் வருகிறது.
நோயில்லை என்று யாரோ அதிகாரி
கையெழுத்துப் போட்டிருப்பார்.
என் கிழங்குகளுக்குக் கையெழுத்து கிடையாது.
பதினாறு வருடமாக
நிலவறையிலிருந்து மண்ணுக்கும்
மண்ணிலிருந்து நிலவறைக்கும்
போய்வந்துகொண்டிருக்கின்றன.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓயார்ஸ்.
ஆண்டு தவறாமல் புதுச் சாக்கு வாங்குகிறவர்.
போன ஜூனில் என் செடிகளில் பாதி
இலை சுருட்டிக்கொண்டு நின்றபோது
தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்:
"கொழுத்ததைத் தின்கிறாய், ஆஸ்ட்ரா.
நோஞ்சானை நடுகிறாய்.
அப்புறம் மண்ணைத் திட்டுகிறாய்."

மண்ணை நான் திட்டியதில்லை.
மற்றதெல்லாம் உண்மை.

சுருளாத செடிகளின் பக்கத்தில்
குச்சி ஊன்றிவைத்தேன்.
அறுவடையில் அவற்றின் அடியிலிருந்து
முட்டியளவுக் கிழங்காய் இருபத்தாறு
தனிப் பெட்டிக்குப் போயின.
எனக்கு மிஞ்சியவை கோலிக்குண்டுகள்.
மர அறுவை ஆலையில் பகலெல்லாம் பலகை எண்ணிவிட்டு
இரவில் உட்கார்ந்து
கோலிக்குண்டுகளுக்குத் தோல் சீவினேன்.
பனிக்காலம் முழுக்க.
தட்டுக்கு நாற்பது.

மார்ச்சில்
இருபத்தாறையும் முட்டை அட்டைகளில்
கண் மேலே பார்க்க நிறுத்தி
ஜன்னலோரம் வைத்தேன்.
வெளிச்சம் பட்டுத் தோல் பச்சையானது.
ஊதா முளைகள், குட்டையாக, தடியாக,
நாய்க்குட்டிக்குப் பல் வருவதுபோல.

ஈஸ்டருக்கு டப்ளினிலிருந்து சிக்னே வந்தாள்,
புதுக் கணவன் கோர்மக்கோடு.
லிஃப்ட் பழுதுபார்க்கிறவன்.
எங்கள் மொழியில் அவனுக்கு ஒரே ஒரு சொல் தெரியும்:
நன்றி.
கதவு திறந்தால் நன்றி, மழை பெய்தால் நன்றி.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தால்
வீடெல்லாம் ஆவி.
வெண்ணெய் வாசம், சதகுப்பை வாசம்.
மகள் தோழியைப் பார்க்கப் போயிருந்தாள்;
தடுக்க ஆளில்லை.
மாமியார் கோலிக்குண்டு தின்கிறாள்,
ஜன்னலில் நல்ல கிழங்கு வீணாகிறது என்று
அவனாகவே முடிவு செய்திருக்கிறான்.
வேலி தாண்டிப் போய்ச் சைகை காட்டி
ஓயார்ஸையும் அழைத்து வந்திருந்தான்.

முட்டை அட்டைகளில்
பள்ளங்கள் மட்டும்.

ஓயார்ஸ் ஜன்னலைப் பார்த்தார்.
சட்டியைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
விதையே விருந்தாகிவிட்ட வீட்டில்
என்ன பேசுவது?
நான் உட்கார்ந்தேன். சாப்பிட்டோம்.
லேசாகக் கசந்தது.
ஓயார்ஸ் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்.
"நன்றி" என்றான் கோர்மக்.
இந்தத் தடவை
அதை நான் சொல்லவேண்டுமோ என்று தோன்றியது.
சொல்லவில்லை.

எல்லாரும் தூங்கியபின்
கழிவு வாளியைத் திறந்தேன்.
பச்சைக்குப் பயந்தவன்
விரல் கனத்துக்குச் சீவித் தள்ளியிருந்தான்.
தோலா அது! பாதிக் கிழங்கு.
முளையெல்லாம் ஒடிந்திருந்தன, சரி.
ஆனால் கிழங்கின் கண் சாமான்யமானதல்ல;
ஒரு முளை போனால்
பக்கத்திலேயே இன்னொன்று
இமை மூடிக் காத்திருக்கும்.
விளக்கடியில் பொறுக்கினேன்.
கண்ணுள்ள தோல் எண்பத்தொன்று.
அடுப்புச் சாம்பலில் புரட்டி
பழைய செய்தித்தாளில் பரப்பி
நிலவறையில் உலர்த்தினேன்.
காலையில் யாரிடமும் சொல்லவில்லை.

பிர்ச் இலை எலிக்காது அளவு ஆனதும்
நட்டேன்.
ஆழமில்லாமல், உள்ளங்கையால் மூடி.
ஓயார்ஸ் வேலிக்கு மேலே
அரைச் சாக்கு நீட்டினார்.
நீல அட்டையை மட்டும் அவிழ்த்து வாங்கி
என் வரிசைக் குச்சியில் கட்டினேன்.
அவருக்கு முதலில் கோபம்.
பிறகு இருமுவதுபோல் ஒரு சிரிப்பு.

முப்பத்துநாலு முளைத்தன.
ஒற்றைத் தண்டு, நூல்போல.
ஜூலையில் இரண்டு சுருண்டன;
ஓயார்ஸ் பார்க்குமுன் பிடுங்கி எரித்தேன்.
அவர் பார்த்துவிட்டார்.
செப்டம்பரில் இரண்டு வாளி தேறியது.
மூன்றென்று சொல்ல ஆசைதான். இரண்டு.
இந்தப் பனிக்காலத்துக்குச் சாப்பிட
கடையில்தான் வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சிக்னே போன் செய்தாள்.
அன்று சமைத்தானே, அந்தக் கிழங்கு
இன்னும் இருக்கிறதா என்று
கோர்மக் கேட்கிறானாம்.

இருக்கிறது என்றேன்.
வரச்சொல்.
தோலை அவனே சீவட்டும்.