வகையுளி

ஸ்வான்சீ. மூன்றாம் மாடி. நவம்பர் மழை
ஒன்றரை வரி இடைவெளி விட்டுப் பெய்கிறது.
நான் ஆய்வேடுகளைப் படிப்பவள் அல்ல,
அளப்பவள்.
இடப்பக்கம் நாற்பது மில்லிமீட்டர்,
மற்ற மூன்று பக்கமும் இருபது.
நாற்பதில் பாதியைத் தையல் தின்றுவிடும்,
அதற்காகத்தான் அந்த அகலம் என்று
கோபமாய் வருகிறவர்களிடம் சொல்வேன்.

எஃகு அளவுகோல். வியாழன்தோறும் துடைத்துவைப்பேன்.
ரோமன் எண்கள் முன்னுரையோடு நின்றுவிட வேண்டும்.
படத்தின் தலைப்பு படத்தைத் தனியே விட்டு
அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போகக் கூடாது.
ஒருவர் புற்றுநோயைப் பற்றி எழுதியிருந்தார்,
இருநூற்றுப் பத்துப் பக்கம்.
எனக்கு நினைவிருப்பது
அடிக்குறிப்புகளின் எழுத்தளவு.

நெஸ்டா பெவனுடையது,
மூடிப்போன தாமிர உருக்காலையின்
மண்ணில் எஞ்சிய நஞ்சைப் பற்றி.
பக்கம் நூற்று நாற்பத்து மூன்று, பதினோராம் வரி:
ஒரு வேதிப்பெயர் வலது ஓரத்தைத் தாண்டி
மூன்று மில்லிமீட்டர் வெளியே நின்றது,
பேருந்து ஜன்னலில் நீட்டிய கை போல.
திருப்பி அனுப்பினேன்.

நேரில் வந்தாள். குடையில்லை.
"பெயரை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுங்கள்."
"முடியாது. அதில் ஒவ்வொரு சிறு கோட்டுக்கும் அர்த்தம் உண்டு.
நீங்கள் ஒன்று கூடுதலாகப் போட்டால்
வேறு பொருள் என்று படிப்பார்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளியில்
வெண்பாவை அலகிடும்போது
தளை தட்டாமலிருக்கச் சொல்லை வெட்டுவோம்.
ஓர் ஊர்ப்பெயரின் பாதி இந்தச் சீரில்,
மீதி அடுத்த சீரில்.
வகையுளி என்று அதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறோம்.
வெட்டுப்பட்ட ஊரில் யாரும் செத்ததில்லை.
இவளுக்கோ, இடம் தப்பி வெட்டினால்
நஞ்சே மாறிவிடும்.

"அப்படியானால் வரியில் வேறு ஏதாவது சொல்லை எடுங்களேன்."

மடிக்கணினியைத் திறந்தாள். நானும் குனிந்தேன்.
இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷத்தில்
முதல்முறையாக ஒரு வாக்கியத்தை
முற்றுப்புள்ளி வரை படித்தேன்.
எடுக்கக்கூடியதாக ஒரே ஒரு சொல் இருந்தது:
ஒருவேளை.

எடுத்தாள்.
வரி உள்ளே வந்து நின்றது,
அணிவகுப்பில் சிப்பாய் மாதிரி.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
திரும்பவும் போட்டாள்.

"மூன்று குளிர்காலம் அந்த மேட்டில் தோண்டியிருக்கிறேன்.
எனக்குத் தெரிந்தது
இந்தச் சொல்லோடு சேர்த்துத்தான்."

அவள் போன பிறகு தரையில்
ஈரக் காலடிகள் கதவு வரை இருந்தன.
மறுபடி அளந்தேன். மூன்றேதான்.
விதிப்புத்தகத்தில் வேதிப்பெயர்களுக்கு
விலக்கு எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.
படிவத்தின் கடைசியில், குறிப்புகள் என்று
இதுவரை நான் தொடாத ஒரு கட்டம்.
அதில் எழுதினேன்:

பக்கம் 143. ஒருவேளை
என் அளவுகோல் நகர்ந்திருக்கலாம்.