வெட்டு நாள்

கோலாலம்பூரே திட்டித் தீர்த்த ஒரு நாளுக்கு
நான் மட்டும் காலண்டரில்
வட்டம் போட்டுக் காத்திருந்தேன்.

செவ்வாய் காலை ஒன்பது முதல் புதன் விடியும்வரை
செந்தூல் பக்கம் தண்ணீர் வராது என்றது அறிவிப்பு.
லிஃப்டில் எல்லாரும் முகம் சுளித்தார்கள்.
நானும் சுளித்து வைத்தேன், ஒப்புக்கு.

சமையலறைத் தொட்டிக்கு அடியில்
கரித்துணியும் கரப்பான் மருந்தும் கிடக்கிற இருட்டில்
ஒரு மூட்டு ஆறு வாரமாகச் சொட்டுகிறது.
நிமிடத்துக்குப் பதினான்கு சொட்டு.
எண்ணியிருக்கிறேன், தூக்கம் வராத இரவொன்றில்.
தண்ணீரை நிறுத்த வேண்டிய வால்வோ
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட தாய்மாமன் கழுத்து மாதிரி
இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது.

குழாய்க்காரர் குனிந்து பார்த்தார்.
நூற்றெண்பது வெள்ளி, சுவரை உடைத்தால் அது தனி.
பார்த்ததற்கு முப்பது வாங்கிக்கொண்டு போனார்.

கீழ்வீட்டு லியோங் அங்கிள் கத்தியிருக்கலாம்.
கத்தவில்லை.
தன் வீட்டுச் சீலிங்கில் ஊறிய கறையைப் படமெடுத்து
வாராவாரம் அனுப்பினார், ஒரு வார்த்தை இல்லாமல்.
முதலில் முட்டை அளவு.
அப்புறம் ஓரம் முறுகிய தோசை.
போன வாரம் அது அச்சு அசலாகப் பினாங்குத் தீவு,
பாலம் மட்டும்தான் பாக்கி.

கழற்றிக் கொண்டுவந்தால்தான் அளவு தெரியும்
என்றாள் ஹார்ட்வேர் கடைப் பெண்.
கழற்றினால் வீடு குளமாகும் என்றேன்.
மறுநாள் குழாயைச் சுற்றி நூல் கட்டி
முடிச்சுப் போட்டு எடுத்துப் போனேன்.
நூலைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் அளந்தாள்.
அரை இஞ்சு.
ரப்பர் வளையம் அறுபது காசு,
வெள்ளை டேப் ஒரு வெள்ளி இருபது.
“ஈக்குட் ஜாம்” என்று
காற்றில் விரலால் ஒரு கடிகாரம் சுற்றிக் காட்டினாள்.

செவ்வாய். மொட்டைமாடித் தொட்டியை
எல்லா வீட்டு வாளிகளும் சேர்ந்து குடித்ததில்
இரண்டு மணிக்கே குழாய் வறண்டது.
மல்லாந்து படுத்தேன். வாயில் டார்ச்சு.
நட்டு முனகியது, விட்டுக்கொடுத்தது,
உள்ளே தங்கியிருந்த ஒரு கரண்டித் தண்ணீர்
நேராக என் காதுக்குள் போனது.
பழைய வளையம் வெளியே வந்தது
காய்ந்த நார்த்தங்காய்த் துண்டாக.

டேப்பைச் சுற்றினேன்.
படுத்துக்கொண்டு பார்த்தால்
கடிகாரம் எந்தப் பக்கம் ஓடும் என்று குழம்பிவிட்டது.
நட்டை ஏற்ற ஏற்ற டேப் சுருண்டு கழன்றது.
உரித்துப் போட்டேன். திரும்ப ஏழு சுற்று.
பிளாஸ்டிக் நட்டு, பலம் காட்டினால் பிளந்துகொள்ளும்.
என்னிடம் இருந்த கோபத்தில் பாதியை மட்டும்
ஸ்பானரில் வைத்தேன்.

அவ்வளவுதான், முடிந்தது.
சரியாக முடிந்ததா என்று சொல்லத்தான்
ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மூட்டைச் சுற்றி டிஷ்யூ கட்டிவிட்டு
பொட்டலச் சோற்றைத் தின்று
அரை வாளியில் குளித்து
அடுப்படித் தரையிலேயே சாய்ந்தேன்.

மூன்றே காலுக்குக் குழாய் இருமியது.
பதினேழு மாடியும் ஒன்றாகத் தொண்டையைச் செருமியது.
காற்று, துரு, தேத்தண்ணி நிறத்தில் ஒரு சீறல்,
எங்கோ மேலே மூட மறந்த குழாய் தடதடக்க
ஒரு குழந்தை எழுந்து அழுதது.

டார்ச்சு அடித்தேன். டிஷ்யூ காய்ந்திருந்தது.
காய்ந்தே இருந்தது.
பிறகு ஒரு கடுகு.
கடுகு மிளகானது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கால் சுற்று.
புது டிஷ்யூ.

ஏழு மணிக்கு, உலர்ந்த அந்தத் தாளைப் படமெடுத்து
லியோங் அங்கிளுக்கு அனுப்பினேன்.
வார்த்தை எதுவும் சேர்க்கவில்லை.

பசியாறி முடிப்பதற்குள் பதில் வந்தது.
அதே சீலிங், அதே தீவு.
கரையோரம் முழுக்கப் பென்சிலால்
கவனமாக ஒரு கோடு,
பக்கத்தில் இன்றைய தேதி.