நடுத்தரப் பசி

திங்கள் காலை மின்னஞ்சல்:
பாயான் லெப்பாஸ், மின்சில்லுத் தொழிற்சாலை,
பாதுகாப்புக்கும் இடருக்கும் ஒரு தலைவர் தேவை. உடனே.
'உடனே'வை மட்டும்
தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நாற்காலிக்கு ஆள் தேடுவது என் தொழில்.
பிள்ளைபிடிக்காரி என்பான் தம்பி.
முன்பெல்லாம் சுலபம்:
ஓய்வுபெற்ற போலீஸ், கனத்த மீசை,
கேட்டில் நின்று அதட்ட ஒரு குரல்.
கார் நிறுத்த நிழலில் ஓர் இடம் தந்தால்
பத்து வருடம் கேள்வி கேட்கமாட்டார்.

இப்போது கேட்பது வேறு.
எங்கோ ஒரு கடலில் கப்பல் நின்றால்
இங்கே எத்தனை ரிங்கிட் நிற்கும் என்று
இயக்குநர்களுக்குப் பதினைந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும்.
கணினிக்குள் எவன் நுழைகிறான்,
கைப்பையில் வரைபடம் எவள் கொண்டுபோகிறாள்,
எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.
தெரிந்ததைப் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும்.
சம்பளம் என்னுடையதைப் போல நான்கு மடங்கு.
தலைமை நிர்வாகிக்கு நேர் கீழே பதவி;
அமைப்புப் படத்தில் இடையே வேறு பெட்டி இல்லை,
இடி விழுந்தால் தாங்க.

இன்பநாதனைச் சுங்கை நிபோங்கில் பார்த்தேன்.
வணிகக் குற்றப் பிரிவில் இருபத்தேழு வருடம்.
கோப்பிக் கடையில் சுவருக்கு முதுகு கொடுத்து
வாசல் தெரியும்படி உட்கார்ந்திருந்தார்.
இரண்டு பக்கத் தன்விவரம்,
கடைசி வரி: லாரி உரிமமும் உண்டு.
"அதை எடுத்துடுங்க" என்றேன்.
"ஏன்? இந்த வேலை போனா உதவுமே."

நேர்முகம் ஆறாவது மாடியில்.
கண்ணாடிக்கு அப்பால் பாலம்,
யாரோ கடலை அடித்துத் திருத்தியது போல ஒரு கோடு.
"எங்கள் இடர்ப் பசி நடுத்தரம்" என்றார் நிதித் தலைவர்.
இன்பநாதன் யோசித்தார்.
"நடுத்தரம்னா அரை வயிறா, முக்கால் வயிறா?"
யாரும் சிரிக்கவில்லை. நான் இருமினேன்.

பிறகு அவர் முறை.
முன்பு இங்கே இருந்தவர் எங்கே?
"விலகினார்."
தகவல் கசிந்த பிறகா?
மனிதவளத் தலைவி தண்ணீர்க் குவளையைப் பார்த்தார்.
அதற்கு முன்னால் எத்தனை கடிதம் எழுதினார்?
குளிர்சாதனம் அதுவரை
சத்தமே போடாதது போலிருந்தது.
"மூணு" என்றான் மூலையில்
குறிப்பெடுக்க வந்த பையன்.
சொன்ன பிறகுதான் தன் வாயைக் கவனித்தான்.

வெளியேறும்போது நேப்பாளக் காவலாளி
என் பின்சக்கரத்தைக் காட்டினான்.
ஓர் ஆணி.
அந்த வளாகத்தில் அன்று ஆபத்தைக் கண்டவன்
அவன் ஒருவன்தான். பன்னிரண்டு மணி நேர வேலை,
குடையும் கம்பெனியுடையது.

மறுநாள் பதில் வந்தது:
திறமை உண்டு, பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை.
அதை அவரிடம் தமிழில் சொல்ல
எனக்கு வார்த்தை சரியாக அமையவில்லை.
"புரியுது" என்றார்.
"அந்தப் பையனுக்கு வேலை இருக்கான்னு மட்டும் பாருங்க."

இல்லை. அழைத்துக் கேட்டேன்.
இப்போது அவன் தன்விவரமும் என்னிடம்தான்,
ஒரே பக்கம், எழுத்துப் பிழை இரண்டு.

நாற்காலி அஃபிகாவுக்குப் போனது.
முப்பத்தெட்டு வயது, வங்கியில் மோசடி பிடித்தவள்,
எண்களை எலும்பு தெரியப் பேசுவாள்.
என் கமிஷன் வந்தது. டயர் மாற்றினேன்.

ஏழாவது வாரம், இரவு பதினொன்றேகாலுக்கு
அவளிடமிருந்து ஒரு வரி:
கக்கா, இன்று முதல் கடிதம் அனுப்பினேன்.

பதிலுக்கு என்ன எழுத?
பெருவிரல் போட்டேன்.
எடுத்துவைக்கலாம் என்றிருந்த கோப்பை
மேசையிலேயே விட்டுவிட்டேன்.